கன்னியாவில் சுடுதண்ணி, கோட்டையில் மான்

பிள்ளைகளோடு திருகோணமலை வருபவர்கள் வெயில் ஏறுமுன் கன்னியா சுடுதண்ணிக் கிணறுகளுக்குப் போய்விடுங்கள். ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு. சின்னவன் ஒவ்வொன்றாக விரலை விட்டு, "இது தேத்தண்ணி, இது ஆறின தேத்தண்ணி" என்று தரம் பிரித்தான்.

கோணேசர் கோயிலுக்கு நடுப்பகலில் வேண்டாம், வெறுங்காலுக்குத் தரை சுடும். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை மான்களிடம் பிஸ்கட் பையைக் காட்டாதீர்கள், பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நிலாவெளிக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதி. மார்கழியில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. புறாமலைத் தீவுக்குப் போகும் படகில் உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுதானா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது பெரியவர் அளவு. மகள் ஆமை மாதிரி உள்ளே போய்விட்டாள்.

அப்புறம், மாற்றுடுப்பு இரண்டு சோடி. ஒன்று போதும் என்றது நான்தான். சின்னவன் என் சாரத்தோடு வீடு வந்தான்.