டெமரேஜ் தெரிந்தவனுக்கு டிமர் தெரியவில்லை

சரக்குக் கப்பல் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் ஆங்கிலம்தான். அதற்குள் எங்கே தட்டினாலும் பதில் வரும். வெளியே ஒரு அடி வைத்தால் தடுமாற்றம்.

வெளிநாட்டில் எங்களுக்கு ஒரு ஏஜென்ட் இருந்தார். வயதானவர். எல்லோரும் இரண்டு வரியில் முடிக்கிற விஷயத்துக்கு அவர் நிதானமாக ஒரு கடிதமே எழுதுவார். ஒருநாள் அவரிடமிருந்து வந்த மெயிலில், புதிய ரேட்டைக் கேட்டு கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுபவர், ‘டிமர்டு’ என்று இருந்தது. டி, இ, எம், யூ, ஆர் என்ற ஐந்து எழுத்தைப் பார்த்ததும் மீதியை என் கண்ணே நிரப்பிக்கொண்டது. டெமரேஜ், தாமதக் கட்டணம்! அந்த வாரம் முழுக்க ஃப்ரீ டேஸ் (கட்டணமில்லாத நாட்கள்) தாண்டி துறைமுகத்தில் கிடந்த வேறு இரண்டு கன்டெய்னரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புத்தி வேறு எங்கே போகும்?

சரி, இவருக்கும் புது ரேட்டில் டெமரேஜ் விழுந்துவிட்டது என்று முடிவு செய்து, ஃப்ரீ டேஸ் என்றைக்கு முடிந்தது, எத்தனை நாள் கூடுதலாகியிருக்கிறது என்று விவரம் கேட்டு உடனே பதில் போட்டேன். மேலாளருக்கும் ஒரு காப்பி. சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா.

அரை மணி நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார்.

“எந்தச் சரக்குக்கு டெமரேஜ் கேட்டிருக்கே?”

ஃபைல் எண்ணைச் சொன்னேன்.

“அது இன்னும் கப்பல்லயே ஏறலையேப்பா.”

எனக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உதவி. மெயிலைத் திரும்ப ஒருமுறை படித்துவிட்டுச் சொன்னார்: “ரேட்டைச் சொன்னதும் அந்த ஆள் இழுக்கிறாராம். அவ்வளவுதான் விஷயம்.”

இழுக்கிறார். இதைவிடப் பொருத்தமான சொல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அகராதிகளில் ‘ஆட்சேபி’, ‘மறுப்புத் தெரிவி’ என்கிற மாதிரிதான் பொருள் கிடைக்கும். தவறில்லை, ஆனால் அவை கொஞ்சம் கனம் கூடிய சொற்கள். மேசையைத் தட்டி ‘முடியாது’ என்பது டிமர் ஆகாது. ‘இல்லீங்க, அது வந்து...’ என்று ஆரம்பித்து முடிக்காமல் விடுவது இருக்கிறதே, அதுதான் டிமர்.

அன்று மாலை உட்கார்ந்து அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடினேன். தேடியதில் என் தவறு அவ்வளவு முட்டாள்தனமானது இல்லை என்று தெரிந்தது. டிமரும் டெமரேஜும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் தாமதிப்பதற்கு ‘டெமொராரி’ என்று ஒரு வினைச்சொல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது தங்குவது, காலம் தாழ்த்துவது என்றுதான் பொருள் இருந்தது. தயங்குவது, ஆட்சேபிப்பது என்பதெல்லாம் பின்னால் ஏறியவை. வங்கிக் கடன் தவணைக்குக் கொடுக்கும் மொரட்டோரியமும் தூரத்துச் சொந்தம்தான்.

கப்பல் தொழில் மட்டும் பழைய பொருளை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏற்றி இறக்க ஒப்பந்தத்தில் கொடுத்த நேரத்தைத் தாண்டிக் கப்பலை நிறுத்திவைத்தால் அதற்குக் கட்டும் பணம் டெமரேஜ். ‘ஒருமுறை டெமரேஜில் விழுந்தால் எப்போதும் டெமரேஜ்தான்’ என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. நேரம் முடிந்தபின், அதுவரை கணக்கில் சேராத ஞாயிறும் மழை நாளும்கூடப் பொதுவாகக் கணக்கில் ஏறிவிடும். கன்டெய்னரில் அதே சொல், ஃப்ரீ டேஸ் தாண்டித் துறைமுகத்துக்குள் கிடப்பதற்கான கட்டணம். வெளியே எடுத்துப் போய் காலிப் பெட்டியைத் திருப்பாமல் வைத்திருந்தால் அதற்கு டிட்டென்ஷன் என்று வேறு பெயர். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வேரில் இருந்த வினைச்சொல்தான் தெரியாது.

வக்கீல்களும் தங்கள் பங்குக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ‘நீ சொல்கிற சங்கதி எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி இதில் வழக்கே இல்லை’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும் ஆட்சேபத்துக்கு டிமரர் என்று பெயர். இங்கிலாந்தில் சிவில் வழக்குகளில் 1883ல் அதை ஒழித்துவிட்டார்கள்; கலிஃபோர்னியாவில் இன்னமும் இருக்கிறது. பழைய முறையில் அந்த ஆட்சேபத்தைத் தீர்க்கும்வரை வழக்கு நகராமல் நிற்கும். இங்கேயும் ஒரு நிறுத்தம், கவனித்தீர்களா?

எனக்குப் பிடித்தது வேறொன்று. தமிழிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. ஒரு காரியம் தாமதமானால் இழுக்கிறது என்கிறோம், வேண்டுமென்றே தாமதித்தால் இழுத்தடிப்பு. ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பேசினாலும் ‘இழுக்கிறார்’ என்கிறோம். லத்தீனுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை எதுவும் இல்லை. தயங்குகிற மனிதனிடம் காத்திருந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருப்பார்கள் போல.

ஆங்கிலப் புழக்கத்தில் டிமர் என்ற சொல் எதிர்மறையோடுதான் அதிகம் கண்ணில் படும்: டிமர் பண்ணவில்லை, டிமர் இல்லாமல் ஒத்துக்கொண்டார். அதற்கு நம்மிடம் ‘மறுபேச்சில்லாமல்’ தயாராக இருக்கிறது. எதற்குத் தயங்கினார் என்று சொல்ல ‘அட்’ அல்லது ‘டு’ சேர்க்க வேண்டும். இறந்தகாலத்தில் ஆர் இரட்டிக்கும். கடைசியில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டால் அது டிம்யூர், அடக்க ஒடுக்கமானவர் என்று வேறு அர்த்தம். ஒரு எழுத்தில், தயங்கிய கன்சைனி அடக்கமான கன்சைனி ஆகிவிடுவார்.

புதுச் சொல் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? அடுத்த மாதம் ஒரு லைனர் கம்பெனி கூடுதல் கட்டணம் கேட்டபோது, நாங்கள் டிமர் செய்கிறோம் என்று பெருமையாக டிராஃப்ட் எழுதிக் கொண்டுபோனேன். மேலாளர் பேனாவை எடுத்தார்.

“நாம மறுக்கிறோமா, தயங்குறோமா?”

“மறுக்கிறோம் சார்.”

“அப்ப அதை எழுது. இப்படி எழுதினா, இன்னொரு தடவை கேட்டா கொடுத்துடுவோம்னு நினைப்பான்.”

அடித்துவிட்டு மேலே ‘ஏற்கவில்லை’ என்பதற்கான இரண்டே சொற்களை எழுதினார். நியாயம்தான். அப்புறம் நான் அந்தச் சொல்லை அந்த வயதான ஏஜென்டுக்கு எழுதும்போது மட்டும் பயன்படுத்தினேன். அந்தக் கடிதங்களில் மட்டும் மேலாளர் கை வைக்கவில்லை.