கேட்டுட்டு வெட்டுவோம்

"இது நம்ம கணக்காச்சே தம்பி" என்றுதான் ஆரம்பித்தார், நான் முதலில் தளம் செய்து கொடுத்த மாங்கன்று நர்சரிக்காரர். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செல்போனில் அவர் காட்டியது சந்தூர் பக்கம் இன்னொரு நர்சரியின் தளம். அதுவும் என் கைவேலைதான். கூடையில் முப்பது ஒட்டுமாங்கன்று போட்டதும் சிவப்புக் கட்டத்தில் ஒரு வரி வருகிறது: "அம்பது கன்னுக்குக் கொறைஞ்சா வண்டி வாடகை கட்டுப்படியாகாதுங்க." அவர் வாயிலிருந்து வந்ததை எழுத்து மாற்றாமல் அவருடைய பிளகினில், அதாவது தளத்தோடு மாட்டும் துணை நிரலில், நான் தட்டி வைத்த வரி. அதே பிளகினை இந்த இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கும்போது மாற்ற மறந்துவிட்டேன்.

மறந்தது ஒரு வரிதானே என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். வரி மட்டுமா? நூறு கன்று கேட்டால் நூற்றைந்து ஏற்ற வேண்டும், வழியில் சாகும். ஒட்டுக் கட்டி எத்தனை நாள் கழித்து வண்டி ஏற்றலாம், மழை மாதத்தில் அதில் எத்தனை நாள் கூட்ட வேண்டும். மூன்று சாயங்காலம் நிழல்வலைக்கு அடியில் உட்கார வைத்து அவர் சொன்னதைத்தான் நான் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதினேன். எண்களை மாற்றிக்கொள்ள செட்டிங்ஸ் பக்கமும் வைத்தேன். ஆனால் அதில் முன்கூட்டியே நிரம்பியிருந்தவை அவருடைய எண்கள்.

ஒழுங்காக எழுதியதே வினையாகிவிட்டது. அவசரத்துக்கு, தளத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் திணித்திருந்தால் அந்தக் கணக்கு அவர் தளத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும். அப்படிச் செய்யக்கூடாது. தீம் அப்டேட் ஆனால் எழுதியது அழிந்துபோகும், தீமையே மாற்றினால் வேலையும் அதோடு போய்விடும். தோற்றம் தீமுக்கு, வேலை பிளகினுக்கு என்று பிரித்து, வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருள் நம் நிரலை மாட்டுவதற்கென்றே வைத்திருக்கும் ஹூக்குகளில் மாட்டி, தனி ஃபோல்டரில் வைத்தேன். தனி ஃபோல்டர் என்றால் ஜிப் செய்ய ஒரு நிமிஷம். வேறு தளத்தில் ஏற்ற இன்னொரு நிமிஷம்.

யாரும் எடுத்து மாற்றிப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமம் பற்றி அவரிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொன்னது பொய்யில்லை. இந்தத் தளங்கள் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் உரிமம் ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது. அதன்மேல் எழுதும் பிளகினைப் பிறருக்குக் கொடுத்தால் அதற்கும் அதே உரிமம்தான் என்பது அந்தத் திட்டத்தின் நிலைப்பாடு. வேர்ட்பிரஸே 2003-இல் பி2 என்ற மென்பொருளிலிருந்து கிளை பிரிந்ததுதான். உரிமம் அனுமதித்தது, எடுத்தார்கள்.

"நீங்களும் இதை யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்ணா" என்றேன்.

"நான் எதுக்குத் தம்பி கொடுக்கணும்?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஒட்டுக்குக் குச்சி நாங்களும் அடுத்தவன் தோட்டத்துலதான் எடுக்கிறோம். கேட்டுட்டு வெட்டுவோம்."

அவ்வளவுதான் பேச்சு. டீ வந்தது, குடித்தோம்.

என் பக்கமும் சொல்ல இருக்கிறது. மூன்று வாரம் என்று பேசிய வேலை ஐந்து வாரம் இழுத்தது, கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை. இரண்டாவது ஆளிடம் பாதி விலைதான் வாங்கினேன். அதற்கும் மேலே, இந்தக் கணக்கு ரகசியமா என்ன? அந்த ரோட்டில் கன்று விற்கிற எல்லாரும் ஏறக்குறைய இதைத்தான் போடுகிறார்கள். இரண்டாவது ஆள் செட்டிங்ஸில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை என்பதே அதற்குச் சாட்சி என்று வாதாடிப் பார்ப்பேன். உடனே, அந்த ஆளுக்கு இந்தக் கணக்கு தெரியாமல்கூட இருந்திருக்கலாமே என்றும் தோன்றும். கேட்டுவிடலாம். கேட்கவில்லை.

அந்த வரியை மட்டும் அன்று இரவே மாற்றினேன். "குறைந்தபட்ச ஆர்டர்: 50." எண் அதேதான்.

போன மாதம் ஹோஸ்டிங் புதுப்பிக்கும் நாள் வந்தது. வழக்கம்போல மறுநாளே பணம் அனுப்பிவிட்டார். முன்பெல்லாம் கூடவே ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜும் வரும், அதைச் சேர், இதை மாற்று என்று. இந்த முறை நானே போன் செய்து, "கணக்கு ஏதாவது மாத்தணுமாண்ணா?" என்று கேட்டேன்.

"இருக்கிறதே இருக்கட்டும் தம்பி" என்றார். இந்த வருஷம் மழை தள்ளிப்போய் அவர் இன்னும் பாதி ஒட்டுக்கூடக் கட்டவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தளத்தில் போன வருஷத்துத் தேதியேதான் காட்டிக்கொண்டிருக்கிறது.