தெருவில் போலீஸ், கையில் கேமரா: ஆகஸ்ட் குறிப்புகள்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

கேமரா கடிகாரத்தைச் சரிசெய்வதில்தான் தொடங்க வேண்டும். சென்னைத் தெருவில் போலீஸ் சம்பவத்தைப் படம் எடுப்பவருக்கு லென்ஸைவிட இதுதான் முக்கியம். கேமரா கடிகாரம் மெல்ல முந்தும் அல்லது பிந்தும். பேட்டரியைக் கழற்றி நீண்ட நாள் வைத்திருந்தால் தேதியே அழிந்துபோகும். செல்போன் நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுப்பதால் அதை நம்பலாம். அதன் திரையில் நொடி தெரியும்படி வைத்துக் கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் தவறியிருந்தாலும் எத்தனை நொடி வித்தியாசம் என்பது அந்தப் படத்திலேயே இருக்கும்.

கோப்பு எண் தொடர்ந்து ஓடும்படி அமைப்பது அடுத்தது. மெமரி கார்டு மாற்றும்போதெல்லாம் 0001-க்குத் திரும்பினால் வரிசை குழம்பும். கலங்கிய படம், தரையை எடுத்த படம் எதையும் கேமராவிலேயே அழிக்கக் கூடாது. 4412-க்குப் பிறகு 4415 வந்தால், நடுவில் இருந்த இரண்டும் எங்கே என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பார். ரா (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு), ஜேபெக் (சுருக்கிய படக் கோப்பு) இரண்டிலும் பதிவாகட்டும். இரண்டு கார்டு போடும் கேமரா என்றால் இரண்டிலும் ஒரே படம் விழட்டும்.

6 ஆகஸ்ட், புதன்

பொதுச் சாலையில் பணியில் இருக்கும் போலீஸ்காரரைப் படம் எடுக்கக் கூடாது என்று இங்கே எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் வழக்கு வேறு பெயரில் வரலாம். அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்தது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் பிரிவு 221, கை வைத்ததாகச் சொன்னால் 132. பழைய இ.பி.கோ.வில் இவை 186, 353. இரண்டுமே நெருக்கத்தில் பிறக்கும் வழக்குகள் என்பதால் தூரம்தான் பாதுகாப்பு. முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸைப் போட்டு 10 மீட்டர் தள்ளி நின்றால், சட்டகத்தில் நாலு மீட்டருக்கும் சற்று அதிகமான அகலம் விழும். மூன்று பேர் தலை முதல் கால் வரை அடங்குவார்கள். செல்போனில் இருமடங்கு, மும்மடங்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பெயர்ப் பட்டையின் எழுத்து கரைந்துவிடும்.

கூட்டம் என்றால் எதிர்ச்சாரி நடைபாதைதான் இடம். கலைந்து போகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகு கூட்டத்துக்குள் நிற்பவரைக் கேமரா காப்பாற்றாது. சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவராகவே எண்ணப்படுவார். சென்னை நகரக் காவல் சட்டம் 1888-இன் 41-ஆம் பிரிவுப்படி ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் முன்அனுமதி வேண்டும். அனுமதி உண்டா என்று முன்பே விசாரித்தால், கைது நடக்குமா என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

கண்ணீர்ப்புகை வீச ஆயத்தமாக வஜ்ரா வாகனம் வந்து நின்றால் காற்றின் திசையைப் பாருங்கள். சென்னையில் பகலுக்கு மேல் கடல்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். கடல் இருக்கும் பக்கம் நின்றால் புகை முகத்துக்கு வராது. கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். கண்ணைக் கசக்காமல் வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும்.

யாராவது வந்து கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். “சார், உங்க வேலைக்கு இடைஞ்சல் இல்லாம அந்தப் பக்கம் போய் நின்னுக்கிறேன்” என்று சொல்லி, சொன்னபடி நகர்ந்து, கேமராவை மட்டும் இறக்காமல் இருக்கலாம்.

9 ஆகஸ்ட், சனி

போக்குவரத்துப் போலீசின் வெள்ளைச் சட்டை மதிய வெயிலில் வெளிறிவிடும்; சட்டை போனால் பெயர்ப் பட்டையும் போகும். வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் குறைத்தால் போதும். நேர்மாறாக, சட்டகம் முழுக்க வெள்ளையாக நிறைந்தால் கேமரா தானே இருட்டாக்கிவிடும், அப்போது குறைக்கக் கூடாது. லத்தி வீச்சை நிறுத்திப் பிடிக்கக் குறைந்தது 1/500 நொடி வேண்டும்.

14 ஆகஸ்ட், வியாழன்

ரிப்பன் மாளிகை முன்பு 1-ஆம் தேதியிலிருந்து உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை, உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நேற்று நள்ளிரவையொட்டிக் கைது செய்து பேருந்துகளில் ஏற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலைக்காகப் போராடியவர்களை அந்த நேரத்தில் தூக்கிப்போகும்போது படம் எடுப்பவரின் பொறுப்பு பெரிது. நள்ளிரவுக் கைதைப் பதிவுசெய்வதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நேரம் இங்கே சட்டக் கேள்வியாகிறது. சூரியன் மறைந்து உதிக்கும் வரை, அசாதாரணச் சூழல் தவிர, பெண்களைக் கைது செய்யக் கூடாது. செய்தாக வேண்டுமென்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்துமூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் பிரிவு 43(5). இது கட்டாய விதியல்ல, வழிகாட்டும் விதி என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த ஆண்டு பிப்ரவரியில் சொன்னது. ஆனால் பின்பற்றாத அதிகாரி காரணம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. எனவே எத்தனை மணிக்கு, பெண்ணைத் தொட்டுத் தூக்கியது பெண் போலீசா ஆண் போலீசா என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கையை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் அது யாருடைய கை என்றே தெரியாது.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அகலப் படம், அதில் கட்டடமோ கடைப் பலகையோ பேருந்து நிறுத்தப் பலகையோ கட்டாயம் விழ வேண்டும். பிறகு நடுத்தூரம், கடைசியில் நெருக்கம். பதற்றத்தில் எல்லோரும் நெருக்கத்தில் தொடங்குகிறார்கள், அகலப் படம் எடுக்கும் முன் சம்பவம் முடிந்துபோகிறது.

கைது செய்பவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்பது சுரக்ஷா சம்ஹிதாவின் 36-ஆம் பிரிவு. நடைமுறையில் ஒளிரும் மேலங்கி அந்தப் பட்டையை மறைத்துவிடும். மறைந்திருந்தால் தோள்பட்டையை எடுங்கள். மூன்று நட்சத்திரமும் சிவப்பு நீலப் பட்டியும் இருந்தால் இன்ஸ்பெக்டர், அதே பட்டியோடு இரண்டு நட்சத்திரம் என்றால் எஸ்.ஐ., பட்டி இல்லாத மூன்று நட்சத்திரம் உதவி ஆணையர். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஒளிரும் பட்டைகள் அதை அப்படியே திருப்பி அடித்து வெள்ளைக் கோடாகிவிடும், முகங்கள் கறுத்துவிடும், எல்லோர் கவனமும் உங்கள் மேல் திரும்பும். குவிப்புக்கு உதவும் சிறு விளக்கையும் அணைத்துவையுங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல தெருவிளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே கருமைப் பட்டைகள் விழுவது அதனால்தான். ஷட்டர் 1/100 நொடி, லென்ஸ் திறப்பு f/2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்கலாம். இழுத்துப் போகும் அசைவுக்கு 1/100 போதாது. கேமராவில் துடிப்புத் தவிர்ப்பு அமைப்பு இருந்தால் அதைப் போட்டு 1/250-க்குப் போய் ஐஎஸ்ஓவை உயர்த்துங்கள். புள்ளி புள்ளியாக இருந்தாலும் கலங்காத படமே உதவும். காணொளிக்கு நொடிக்கு 25 சட்டகம், 1/50. வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வின் என்று நிறுத்திவிட வேண்டும். தானியங்கியில் விட்டால், ரோந்து வண்டியின் சிவப்பு நீல விளக்கு சுழலச் சுழல ஒரே சட்டை படத்துக்குப் படம் நிறம் மாறும்.

பேருந்தின் பதிவு எண்ணை மறக்காதீர்கள். ஆட்களை எந்த மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று குடும்பத்தாரும் வழக்கறிஞர்களும் தேடும்போது அந்த எண்தான் பிடி. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களை நேராக எடுத்தால் தெருவிளக்குத்தான் பிரதிபலிக்கும். பக்கவாட்டில் சாய்ந்து எடுத்தால் உள்ளே தெரியும்.

16 ஆகஸ்ட், சனி

“டெலீட் பண்ணு” என்று சொல்ல யாருக்கும் சட்ட அதிகாரம் இல்லை. குற்றத்தின் தடயமாக இருக்கக்கூடியதை மறைப்பதற்காக அழிப்பதே நியாய சம்ஹிதா 238-ஆம் பிரிவில் குற்றம். கைப்பற்றுவது வேறு. சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்ற அதிகாரம் உண்டு, ஆனால் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, அதையெல்லாம் ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும் என்று சுரக்ஷா சம்ஹிதா 105 சொல்கிறது. கேமராவின் வரிசை எண்ணும் கார்டின் கொள்ளளவும் பட்டியலில் ஏறும்படி கேளுங்கள்.

கட்டாயத்தில் அழிக்கப்பட்டுவிட்டால், அந்தக் கார்டில் அதன்பின் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. அழித்தல் பெரும்பாலும் கார்டில் உள்ள கோப்புப் பட்டியலைத்தான் நீக்கும். புதுப் படம் மேலே எழுதப்படும் வரை பழையது உள்ளேயே கிடக்கும். கார்டைக் கழற்றி வைத்து, வீட்டில் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்கலாம். மீட்டதை வேறு வட்டில்தான் சேமிக்க வேண்டும். செல்போனில் எடுத்தால் மேகச் சேமிப்பு (படம் தானாக இணையத்தில் ஏறிப் பதிவாவது) ஓடிக்கொண்டே இருக்கட்டும். கிளம்பும் முன் விரல்ரேகைத் திறப்பை நிறுத்தி எண் பூட்டு மட்டும் வையுங்கள்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

வெட்டாத காணொளி ஏன் வேண்டும் என்பதற்கு 1991 மார்ச் 3 லாஸ் ஏஞ்சல்ஸ்தான் இன்றும் பாடம். ஜார்ஜ் ஹாலிடே என்ற தொழில்முறை சாராத மனிதர் தன் வீட்டு பால்கனியிலிருந்து சோனி ஹேண்டிகேமில், ராட்னி கிங்கைப் போலீசார் அடித்ததை எடுத்தார். தொடக்கத்தில் குவிப்பு கிடைக்காமல் கலங்கிய சில நொடிகள் தொலைக்காட்சியில் பெரும்பாலும் ஒளிபரப்பாகவில்லை. அந்தப் போலீசார் மீதான 1992 விசாரணையில் பிரதிவாதித் தரப்பு பிடித்துக்கொண்டது அந்த நொடிகளைத்தான்.

சம்பவம் முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் எப்போது அழைக்கப்பட்டது, அடிபட்டவரை யார் தூக்கினார்கள் என்பது பின்பகுதியில்தான் வரும். எடுப்பவர் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. உங்கள் குரல் மேலே விழுந்தால் அங்கே பேசியது கேட்காது. யாருக்காவது காயம் பட்டிருந்தால் 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

எடுத்ததையெல்லாம் வெளியிட முடியாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் நியாய சம்ஹிதா 72-இன்படி இரண்டாண்டு வரை சிறை. சிறுவர்கள் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 23, இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74 இரண்டும் உண்டு. முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், அம்மாவின் முகம் எல்லாமே அடையாளம்தான். மறைப்பைக் கறுப்புக் கட்டமாகப் போடுங்கள். லேசான மங்கலில் உருவம் புலப்படும்.

சந்தேகத்தில் பிடிபட்டவரின் முகமும் கவனத்துக்குரியது. சாட்சிகள் அடையாள அணிவகுப்புக்கு வரும் முன் அந்த முகம் ஊரெல்லாம் சுற்றிவிட்டால் அணிவகுப்பு மதிப்பிழக்கும். குற்றமற்றவராக இருந்தால் அவர் வாழ்க்கையே சிதையும்.

29 ஆகஸ்ட், வெள்ளி

நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய படம் என்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) சான்றிதழ் தேவை. பகுதி அ-வைப் படத்தைத் தாக்கல் செய்பவரும், பகுதி ஆ-வை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (கோப்பின் விரல்ரேகை போல, கணினி கணக்கிடும் ஒரு குறியீடு) கேட்கப்படும், எஸ்ஹெச்ஏ 256 என்ற முறை போதும். கார்டிலிருந்து நகலெடுத்த அன்றைக்கே அதைக் கணக்கிட்டு எழுதிவைத்தால், பிறகு ஒரு பிக்சல் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். படத்தைத் திருப்புவதும் வெளிச்சம் கூட்டுவதும் நகலில் மட்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, நேரமும் இடமும் அடங்கிய தகவல் நீங்கிவிடும். வழக்கறிஞருக்கு அனுப்பும்போது ‘டாகுமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். மூலக் கார்டை உறையில் போட்டு, தேதியும் இடமும் கோப்பு எண் வரம்பும் எழுதி, வழக்கு முடியும் வரை தனியாக வைக்க வேண்டும். அதை ஃபார்மேட் செய்து மறுபடி கேமராவில் போடாமல் புதுக் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.