பாக்சிங்ல மார்க் போட கத்துக்கணுமா? மார்க்கெஸ் சண்டைல ஆரம்பிங்க

பாக்சிங் பாக்கப் பிடிக்குது, ஆனா 12 ரவுண்டு முடிஞ்சு ரிசல்ட் சொல்றப்ப ஜட்ஜுங்க எந்தக் கணக்குல அந்த நம்பர சொல்றாங்கன்னு ஒண்ணும் புரியலன்னு நெறைய பேரு சொல்றீங்க. நான் கத்துக்கிட்ட வழிய எழுதுறேன், இது ஒண்ணுதான் வழின்னு இல்ல, ஆனா இதுல போனா சீக்கிரம் பிடிபடும். பொதுவா எல்லாரும் டைசன்ல ஆரம்பிப்பாங்க, பாக்க செமயா இருக்கும், ஆனா மொத ரவுண்டுலயே ஆள் விழுந்துட்டா நீங்க எதுக்கு மார்க் போடுவீங்க? படிக்கிறதுக்கு ஏத்த ஆளுன்னா என்னைக் கேட்டா மெக்சிகோவோட ஹுவான் மானுவல் மார்க்கெஸ்தான்.

1973ல மெக்சிகோ சிட்டில பொறந்தவரு, படிச்சது அக்கவுண்டிங், பாக்சிங்ல காசு பெருசா வராத ஆரம்ப காலத்துல ஆபீஸ்ல கணக்கு வேலை பாத்துக்கிட்டே ஜிம்முக்கும் போனவரு. கோச் நாச்சோ பெரிஸ்தாயின், மெக்சிகோ சிட்டில ரொமான்ஸான்னு ஜிம் வச்சு வரிசையா சாம்பியன்கள உருவாக்குன பெரிய மனுஷன். 1993ல மார்க்கெஸோட மொத ப்ரொஃபஷனல் சண்டையே மொத ரவுண்டுல டிஸ்குவாலிஃபை ஆகி தோல்வி. அங்க இருந்து நாலு வெயிட் பிரிவுல உலக சாம்பியன் பட்டம், மொத்தம் 64 சண்டை, 56 வெற்றி, 7 தோல்வி, ஒரு டிரா, வெற்றில 40 நாக்அவுட். நீங்க படிக்க வேண்டிய விஷயம் இந்த நம்பர்ல இல்ல. மனுஷன் கவுண்டர் பஞ்சர், அதாவது எதிராளி அடிக்க வர்ற அந்த நேரத்துல பதிலடி குடுக்குறவரு, மூணாவது ரவுண்டுல வாங்குன அடிக்கு அஞ்சாவது ரவுண்டுல பதில் வச்சிருப்பாரு. அவரு சண்டைக்குள்ளயே படிக்கிறத நாம உக்காந்து பாக்கலாம்.

மொதல்ல ரூல சொல்லிடுறேன், இது தெரியாம கீழ உள்ளது புரியாது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்கு 9. ஒரு தடவ அடி வாங்கிக் கீழ விழுந்தா, அதாவது நாக்டவுன் ஆனா, பொதுவா 10-8, ரெண்டு தடவன்னா 10-7, மூணுன்னா 10-6. ரவுண்ட யாரு ஜெயிச்சாங்கன்னு பாக்குறப்ப சுத்தமா பட்ட அடிக்குத்தான் மொத இடம், அப்புறம் பலன் இருக்கிற மாதிரி முன்னேறி அடிக்கிறது, ரிங்க தன் கட்டுப்பாட்டுல வச்சிருக்கிறது, தற்காப்பு. நிறைய தடவ கைய வீசிட்டா ரவுண்டு கிடைச்சிடாது, வீசுனதுல எத்தன பட்டுச்சுன்னு பாக்கணும், கையுறைல பட்டதெல்லாம் கணக்குல வராது.

பாக்குற முறை ரொம்ப முக்கியம். சவுண்ட மொத்தமா ஆஃப் பண்ணிடுங்க. கமெண்டேட்டரு ஒருத்தர் பக்கமே பேசிட்டு இருப்பாரு, கூட்டம் தனக்குப் பிடிச்ச ஆளு கைய ஆட்டுனாலே கத்தும், ரெண்டும் நம்ம கண்ண ஏமாத்தும். ரவுண்டு முடிஞ்ச பெல்லுக்கும் அடுத்த பெல்லுக்கும் நடுவுல இருக்கிற ஒரு நிமிஷத்துக்குள்ள எழுதிடணும், ரீவைண்ட் கூடாது, ஜட்ஜுக்கு ரீவைண்ட் கெடையாதுல்ல. எழுதுனத பின்னாடி வந்து அடிச்சுத் திருத்தவும் கூடாது. மார்க்குக்குப் பக்கத்துல ஒரே ஒரு காரணம் எழுதுங்க, “கடைசி அரை நிமிஷம் வலது கை ரெண்டு சுத்தமா பட்டுச்சு” இந்த மாதிரி. காரணம் எழுத வரலன்னா நீங்க அந்த ரவுண்ட சும்மா பாத்திருக்கீங்கன்னு அர்த்தம்.

இப்ப பாடத்துக்கு வருவோம். மார்க்கெஸும் ஃபிலிப்பைன்ஸோட மேனி பாக்கியாவும் நாலு தடவ மோதுனாங்க, எல்லாமே லாஸ் வேகஸ்ல. நாலையும் வரிசை மாத்தாம பாருங்க.

மொத சண்டை 2004 மே 8. மார்க்கெஸ் அப்போ ஃபெதர்வெயிட்ங்கிற எடைப் பிரிவுல சாம்பியன். மொத ரவுண்டுலயே பாக்கியாவோட இடது கை நேரா வந்து மார்க்கெஸ மூணு தடவ கீழ தள்ளிடுச்சு, மூக்குல ரத்தம், பாக்குற யாருமே ரெண்டாவது ரவுண்டு நடக்கும்னு நெனச்சிருக்க மாட்டாங்க. ஆனா எழுந்து நின்னு 12 ரவுண்டும் முடிச்சாரு, ரிசல்ட் டிரா. ஒரு ஜட்ஜ் 115-110 மார்க்கெஸுக்கு, இன்னொருத்தர் அதே 115-110 பாக்கியாவுக்கு, மூணாமவர் 113-113. இங்கதான் பேப்பர எடுக்கணும். மொத ரவுண்ட 10-6ன்னு வச்சு கழிச்சுப் பாருங்க, மார்க்கெஸுக்கு 115 போட்டவரு மீதி 11 ரவுண்டுல பத்த அவருக்கே குடுத்திருக்காரு, பாக்கியாவுக்கு 115 போட்டவரு அதே 11ல மார்க்கெஸுக்கு வெறும் அஞ்சுதான் குடுத்திருக்காரு. ஒரே ரிங், ஒரே ராத்திரி, ரிங்கோட வேற வேற பக்கத்துல உக்காந்த ரெண்டு பேருக்கு நடுவுல அஞ்சு ரவுண்டு வித்தியாசம்!

மூணாவது ஜட்ஜ் கதை இன்னும் விசேஷம். மொத ரவுண்டுக்கு அவரு 10-6 போடாம 10-7 போட்டுட்டாரு, பின்னாடி அது தன்னோட தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. சரியா போட்டிருந்தா அவரோட கார்டு, அதாவது மார்க் பேப்பர், 113-112 பாக்கியாவுக்கு, சண்டையே பாக்கியாவுக்கு ஸ்பிளிட் டிசிஷன் வெற்றி, அதாவது ரெண்டு ஜட்ஜ் அவருக்கு, ஒரு ஜட்ஜ் எதிராளிக்கு. அந்த ஒரே ஒரு பாயிண்ட்ல மார்க்கெஸ் பெல்ட்ட காப்பாத்திக்கிட்டாரு. நான் யாருக்குச் சொல்லிக் குடுத்தாலும் இந்தக் கணக்க மொதல்ல போடச் சொல்லுவேன், இத ஒரு தடவ கையால போட்டுப் பாத்தவங்க அப்புறம் நாக்டவுன எண்ண மறக்கவே மாட்டாங்க.

மார்க் போட்டு முடிச்சதும் அதே சண்டைய இன்னொரு தடவ, இந்தத் தடவ காலை மட்டும் பாருங்க. பாக்கியாவ் சவுத்பா, வலது கால் முன்னாடி, மார்க்கெஸுக்கு இடது கால் முன்னாடி, அதனால ரெண்டு பேரோட முன்னங்காலும் எதிரெதிரா மோதிக்கிட்டே இருக்கும். மொத ரவுண்டுல பாக்கியாவ் உள்ள பாய்றப்ப மார்க்கெஸ் அங்கயே நிக்கிறாரு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்த இடது கை வர்ற நேரத்துல கால கொஞ்சம் பின்னாடி எடுத்து வச்சு, அது காத்துல போனதும் வலது கைய நேரா விடுறாரு. இந்த ஒரு விஷயம் கண்ணுல பட்டுடுச்சுன்னா மீதி மூணு சண்டையும் தானா புரியும்.

நடுவுல ஒரு கிளைக்கதை, கரியர் படிக்கிறவங்க இதத் தாண்டிப் போகக் கூடாது. ரீமேட்சுக்கு ஏழரை லட்சம் டாலர் பேசுனாங்க, கம்மின்னு மார்க்கெஸ் தரப்பு வேணாம்னுடுச்சு. அப்புறம் 2006 மார்ச்ல இந்தோனேசியாவுக்கே போயி கிறிஸ் ஜானோட மோதி பாயிண்ட்ல தோத்தாரு, அதுக்குக் கெடச்சது 31 ஆயிரம் டாலர் சொச்சம்தான்னு பேசிக்கிட்டாங்க. கணக்குப் படிச்சவரு போட்ட கணக்கான்னு இன்னைக்கும் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா அடுத்த வருஷமே மார்கோ அன்டோனியோ பரேராவ ஜெயிச்சு சூப்பர் ஃபெதர்வெயிட் பட்டம் வாங்குனாரு, பாக்கியாவோட மறுபடி மோத வழி தொறந்தது அதுலதான்.

ரெண்டாவது சண்டை 2008 மார்ச் 15. ஒருத்தர் 115-112 பாக்கியாவுக்கு, ஒருத்தர் 115-112 மார்க்கெஸுக்கு, மூணாமவர் 114-113 பாக்கியாவுக்கு. அந்த மூணாவது கார்ட பிரிச்சுப் பாத்தா ரவுண்டு ஆளுக்கு ஆறு, சமம். வித்தியாசம் மூணாவது ரவுண்டுல மார்க்கெஸ் விழுந்த அந்த ஒரு நாக்டவுன். ரவுண்ட தோத்திருந்தாலும் விழாம இருந்திருந்தா 114-114, மறுபடியும் டிரா.

இதுக்கப்புறம் லைட்வெயிட்ல 2009 பிப்ரவரி ஹியூஸ்டன்ல ஹுவான் டியாஸோட நடந்தத பாருங்க. டியாஸ் சின்னப் பையன், விடாம அடிச்சுக்கிட்டே வருவாரு, ஆரம்ப ரவுண்டுங்கள எழுதுறப்ப நீங்க அவருக்கே நெறைய போடுவீங்க, பரவால்ல. ஒம்பதாவது ரவுண்டுல முடிச்சுடுவாரு மார்க்கெஸ். அதே வருஷம் செப்டம்பர்ல மேவெதரோட நடந்ததுக்கு அதிக நேரம் செலவழிக்க வேணாம், மார்க்கெஸ் ரெண்டு பிரிவு மேல ஏறிப் போனாரு, மேவெதர் ஒத்துக்கிட்ட 144 பவுண்டு எடையக்கூட தாண்டி 146ல வந்தாரு, பணத்த அபராதமா கட்டிட்டு சண்டை போட்டாரு. 120-107, 119-108, 118-109. தெளிவா ஒரு பக்கமா போற ரவுண்டு எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழக நாலஞ்சு ரவுண்டு பாத்தா போதும்.

மூணாவது பாக்கியாவ் சண்டை, 2011 நவம்பர் 12, இதுதான் உண்மையான பரீட்சை. 114-114, 115-113, 116-112, பாக்கியாவுக்கு மெஜாரிட்டி டிசிஷன், அதாவது ரெண்டு ஜட்ஜ் அவருக்கு, ஒருத்தர் சமம், ரிசல்ட் சொன்னதும் அரங்கமே கூச்சல். நாக்டவுன் எதுவும் கெடையாது, பாதி ரவுண்டுக்கு மேல மயிரிழைதான். முன்னேறி வர்றது ஒருத்தர், சுத்தமா அடிக்கிறது இன்னொருத்தர், எதுக்கு முன்னுரிமை குடுக்குறீங்கன்னு உங்க கார்டு உங்களுக்கே காட்டிக் குடுக்கும். என் கார்டுல மார்க்கெஸ்தான் ஜெயிச்சாரு, இன்னைக்கும் அதுல மாத்தம் இல்ல, ஆனா பாக்கியாவுக்குப் போட்டவங்கள திட்டவும் மாட்டேன்.

நாலாவது, 2012 டிசம்பர் 8. மார்க்கெஸுக்கு 39 வயசு. மூணாவது ரவுண்டுல வலது கைய மேல இருந்து வளைச்சு விட்டு பாக்கியாவ மொத தடவையா கீழ தள்ளுனாரு, அஞ்சாவதுல பாக்கியாவ் திருப்பித் தள்ளுனாரு, மார்க்கெஸ் மூக்கு உடைஞ்சு ரத்தம். அஞ்சு ரவுண்டு முடிஞ்சப்ப மூணு ஜட்ஜும் 47-46ன்னு பாக்கியாவ் பக்கம். ஆறாவது ரவுண்டு முடிய ஒரு நொடி, பாக்கியாவ் உள்ள பாய்றாரு, மார்க்கெஸ் தலைய லேசா தாழ்த்தி வலது கைய குட்டையா நேரா விடுறாரு, பாக்கியாவ் முகம் குப்புற விழுந்தவரு அசையல. இத மட்டும் மெதுவா ஓட்டிப் பாக்கலாம், ரீவைண்டுக்கு அனுமதி உண்டு. 2004ல காலை மட்டும் பாருங்கன்னு சொன்னேன்ல, அதே முன்னங்கால், அதே பாய்ச்சல், அதே வலது கை, இடையில 41 ரவுண்டு ஓடியிருக்கு.

அந்தச் சண்டைக்கு முன்னாடி மார்க்கெஸ் ஒடம்பு முறுக்கேறி இருந்ததும், ட்ரெயினிங் குடுத்த ஏஞ்சல் ஹெரேடியாவுக்கு பழைய ஊக்கமருந்து விவகாரத்துல பேரு அடிபட்டதும் உண்மை, அதனால சந்தேகம் கிளம்புச்சு. மார்க்கெஸ் எந்த டெஸ்ட்லயும் மாட்டல. இத தெரிஞ்சு வச்சுக்கங்க, ஆனா மார்க் போடுறப்ப பேப்பர்ல கொண்டு வராதீங்க.

இவ்ளோ முடிச்சவங்க 2013 அக்டோபர்ல டிமோதி பிராட்லியோட நடந்தத ரிசல்ட் எதுவும் தேடாம போட்டுப் பாருங்க. அதுவும் தேறிட்டா அண்ணன விட்டுட்டு தம்பிகிட்ட போங்க, ரஃபேல் மார்க்கெஸ், அவரும் உலக சாம்பியன், இஸ்ரேல் வாஸ்கெஸோட அவருக்கும் நாலு சண்டை இருக்கு. 2008 மார்ச்ல நடந்த மூணாவத எடுங்க. பத்தாவது ரவுண்டுல ரஃபேலுக்கு ஒரு பாயிண்ட் கட், 12வது முடியப் போற கடைசி நொடிகள்ல அவருக்கு எதிரா ஒரு நாக்டவுன், ஜட்ஜுங்களே ரெண்டுக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சு வாஸ்கெஸுக்குக் குடுத்தாங்க. அந்த ரெண்டையும் சேத்து உங்க கார்டுல எவ்ளோ வருதுன்னு போட்டுட்டு கமெண்ட்ல சொல்லுங்க, ரவுண்டு வாரியா எழுதுனா இன்னும் நல்லது.