போட்டோக்களில் கை வைக்கும் முன்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா இரண்டு நாளாக லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, இடமே இல்லையாம், அதனால் பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் பாட்டியின் 80-ஆவது பிறந்தநாள் படங்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நல்லவேளை, 300 படங்களுக்கு மேல் அழித்தும் இடம் கொஞ்சம்கூடக் கூடவில்லை. ஏனென்றால் எல்லாம் ரீசைக்கிள் பின்னில்தான் கிடந்தன, அதைக் காலி செய்யும்வரை அவை அதே டிரைவில்தான் இருக்கும். மொத்தத்தையும் ரெஸ்டோர் செய்துவிட்டேன். அப்படியே அழிந்திருந்தாலும் என்ன மிச்சம்? ஒரு படம் 3 எம்பி என்று வைத்தால் 300 படங்கள் 1 ஜிபிகூட வராது.

இடம் போதவில்லை என்றால் எதையும் அழிக்காதீர்கள், முதலில் எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நான் விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன், ஒரு நிமிடத்துக்குள் எந்த ஃபோல்டர் எவ்வளவு என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டிவிட்டது. முதலிடத்தில் இருந்தது 41 ஜிபி! தங்கை எப்போதோ இந்த லேப்டாப்பில் எடுத்து வைத்த ஐபோன் பேக்கப், அதாவது போனில் இருந்தவற்றின் பிரதி. ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருப்பதால் சாதாரணமாகத் தேடினால் அப்பாவின் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களைப் பார்த்து எது படம், எது மெசேஜ் என்று கண்டுபிடிக்கவும் முடியாது, அதனால் தங்கைக்கு போன் போட்டு, எல்லாம் புது போனுக்கு மாறிவிட்டதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்ட பிறகுதான் ஐடியூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருள் வழியாக அழித்தேன்.

அடுத்தது விண்டோஸ்.ஓல்ட், 19 ஜிபி. பெரிய அப்டேட் வந்தால் பழைய விண்டோஸை அப்படியே இந்தப் பெயரில் எடுத்து வைத்துக்கொள்ளும், வழக்கமாக 10 நாள் கழித்துத் தானே போய்விடும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் அங்கிருந்து அழிக்கலாம், ஆனால் அதற்கப்புறம் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு பெட்டி இருக்கும், தயவுசெய்து அதை டிக் செய்துவிடாதீர்கள். பத்திரம், ரசீது, மருத்துவ ரிப்போர்ட் என்று வீட்டில் முக்கியமானதெல்லாம் பெரும்பாலும் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கிறது. அப்பாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையில்லாத வீடியோக்களையும் பழைய இன்ஸ்டாலர்களையும் மட்டும் தூக்கினோம், 12 ஜிபி கிடைத்தது.

அப்புறம் ஹைபர்னேட் கோப்பு. ஹைபர்னேட் என்றால் திறந்து வைத்த வேலையை அப்படியே டிரைவில் சேமித்துவிட்டு லேப்டாப் அணைந்துகொள்வது. அதற்காக ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருப்பதை எழுதி வைக்க விண்டோஸ் ஒதுக்கும் இடம் அது, ராமின் அளவில் சுமார் 40 சதவீதம், 8 ஜிபி ராம் என்றால் 3 ஜிபிக்கு மேல். அப்பா ஹைபர்னேட் பக்கமே போவதில்லை, அதனால் அணைத்துவிட்டேன். இதை அணைத்தால் லேப்டாப்பைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் போய்விடும், லேப்டாப் எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கலாம், அதற்குச் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பெரிதாகத் தெரியும், அதில் கையே வைக்கக் கூடாது, சிஸ்டமே படுத்துவிடும்.

6 ஜிபி மிச்சமிருந்த டிரைவில் இப்போது 80 ஜிபிக்கு மேல் காலி. ஆனால் பாட்டி படங்களுக்கு அந்த லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் பிரதி இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது, உடனே கடைக்குப் போய் ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து ராத்திரியே எல்லாவற்றையும் காப்பி போட்டு வைத்துவிட்டேன்.