கணக்குக் கொப்பியில் ஒரு மந்திரவாதி

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டபோது, விடுதி நாட்களைப் பற்றி எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் மனம் கனடாவில், எங்கள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்ட்டுக்கே போகிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நம் கல்லூரியின் 93ஆம் ஆண்டு உயர்தரக் கணிதப் பிரிவைச் சேர்ந்த நாலு பேர் அங்கே கூடுகிறோம். முந்நூற்றிநாலு சீட்டு விளையாட இல்லை, டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட.

என் மகள்தான் தொடக்கி வைத்தவள். பல்கலைக்கழகத்தில் பழகிய விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதையை நடத்துவது மகள். விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் வாள்வீரன். எங்கள் வகுப்பு மொனிட்டர் மதகுரு. கடைசி வாங்குக்காரன் திருடன். மந்திரவாதி நான்.

முதல் மந்திரவாதியை நான் செய்த விதத்தைச் சொல்கிறேன். நாங்கள் விளையாடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி. ஆறு குணங்கள்: பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி. எல்லாம் 8இல் தொடங்கும். ஏற்றுவதற்கு 27 புள்ளிகள் கையில் தருவார்கள். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14க்கும் 15க்கும் இரண்டிரண்டு புள்ளி. நான் அறிவு, சுறுசுறுப்பு, கவர்ச்சி மூன்றையும் 15க்குக் கொண்டுபோனேன். மூவொன்பது இருபத்தேழு, புள்ளி முடிந்தது. மனித இனத்தைத் தெரிவுசெய்தால் எல்லாவற்றிலும் ஒன்று கூடும். ஆக மூன்று 16, மூன்று 9. உடல் உறுதி 9 என்றால் உயிர்ப்புள்ளியில், அதாவது எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கில், ஒன்று கழியும். மந்திரவாதிக்கு முதல் நிலையில் கிடைப்பதே 6. எனக்கு 5.

மந்திரப் புத்தகத்தில் எழுதிய ஆறும் அடிக்கிற மந்திரங்கள். நெருப்பு, இடி, மின்னல். ஆனால் முதல் நிலை மந்திரவாதி ஒரு நாளில் இரண்டு தரம்தான் அப்படிப்பட்ட மந்திரத்தைப் போடலாம். அதற்கு ஸ்லொட் என்று பெயர். இரண்டு ஸ்லொட்டும் முதல் சண்டையிலேயே போய்விட்டன. இரண்டாவது சண்டையில் கொப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று வளைந்த கத்தியோடு ஓடி வந்தது. அதன் வெட்டு 3இலிருந்து 8 வரை. எனக்கு 6 விழுந்தது. பிறகு சாவோடு போராடும் எறிதல், மூன்று தரம் 10க்குக் கீழே விழுந்தால் முடிவு. மூன்றும் கீழே. மதகுரு குகையின் மறுபக்கத்தில் நின்றான், வந்து சேர முடியவில்லை.

அன்றிரவு சப்பாத்துப் போட்டுக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான்: “மச்சான், நீ விழுந்த பிறகு எங்களுக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை.” எனக்கு அது பெரிய வலியாக இருந்தது. விளையாட்டுத்தானே என்று விட முடியவில்லை.

ஏன் என்று இப்போது விளங்குகிறது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன் விலை விற்ற காலத்தில் நாங்கள் உயர்தரம் படித்தோம். எனக்கும் அவனுக்கும் ஒரே ஜாம் போத்தல் விளக்கு. அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்ட விளக்கு. அளக்கும் பொறுப்பு அவனுடையது. பிரயோக கணிதத்தில் நான் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், அவன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, “நாளைக்கு ரசாயனம் இருக்கு” என்பான். ஊதி அணைத்துவிடுவான். அந்த அளவு தப்பியதே இல்லை. பரீட்சைக் கிழமையின் கடைசி இரவுக்கும் எண்ணெய் இருந்தது.

இரண்டு ஸ்லொட் என்பது அந்தப் போத்தல்தான். நான் அதைத் திறந்து ஊற்றிவிட்டேன்.

அடுத்த மந்திரவாதிக்காகக் கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று வாங்கினேன். மகள் பக்கத்தில் வந்து இருந்தாள். “அப்பா, அறிவு மட்டும் காணாது. உடம்பையும் பாருங்கோ” என்றாள். இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வகுப்புத் தோழர்களுக்குப் பிடிக்கும். பகடையோடு கூட்டும் எண் இரட்டை எண்களில்தான் ஏறும். 12க்கும் 13க்கும் கூட்டல் 1, 14க்கும் 15க்கும் கூட்டல் 2, 16க்குக் கூட்டல் 3. மனித இனம் எல்லாவற்றிலும் ஒன்று கூட்டித் தருவதால், ஒற்றை எண்ணாக வாங்கி வைத்தால் இரட்டையாகிவிடும். 14க்கு 7 புள்ளி கொடுப்பதற்குப் பதில் 13ஐ 5க்கு வாங்கலாம்.

அறிவு 15, ஒன்பது புள்ளி. உடல் உறுதி, சுறுசுறுப்பு, விவேகம் மூன்றும் 13, பதினைந்து புள்ளி. மிச்சம் மூன்றுக்குக் கவர்ச்சி 11. பலம் 8இலேயே நிற்கட்டும். ஒன்று கூட்டினால் 16, 14, 14, 14, 12, 9. உடல் உறுதி 14இன் கூட்டல் 2 சேர, உயிர்ப்புள்ளி 5 அல்ல, 8. அந்த மூன்று புள்ளியை லேசாக எண்ணக்கூடாது, கொப்ளினின் அதே 6 விழுந்தாலும் நின்றுகொண்டிருப்பேன். பின்னால் இன்னொரு பயனும் உண்டு. சில மந்திரங்களை மனதை ஒருமுகப்படுத்திப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இடையில் அடி விழுந்தால் பகடையும் கூட்டலும் சேர்ந்து குறைந்தது 10 வந்தால்தான் பிடி நழுவாது. அங்கே கைகொடுப்பது உடல் உறுதிதான், அறிவல்ல.

அப்புறம் மந்திரங்கள். மந்திரவாதியின் சமநிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. புத்தகத்தில் ஆறு எழுதலாம், ஆனால் காலையில் ஆயத்தம் செய்வது நாலு மட்டும்: அறிவின் கூட்டல் 3, நிலை 1. சடங்காகச் செய்யக்கூடிய மந்திரங்களுக்கு ஆயத்தமும் வேண்டாம், ஸ்லொட்டும் வேண்டாம். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் போதும். ஆகவே இரண்டு சடங்கு எழுதினேன். ஒன்று, மந்திரம் இருக்கும் இடத்தை அறிவது. மற்றது, துணைப்பிராணியை அழைப்பது. கையிலிருந்த 10 பொன்னும் அதற்கான கரிக்கும் தூபத்துக்கும் மூலிகைக்கும் போனது. ஓர் ஆந்தை வந்தது. எதிரியின் முகத்துக்கு நேரே பறந்து அது கவனத்தைக் கலைத்தால், வாள்வீரன் இரண்டு தரம் பகடை போட்டு நல்லதை எடுத்துக்கொள்வான்.

மற்ற நாலில் இரண்டு காப்பு. காலையில் போடும் மந்திரக் கவசம் எட்டு மணி நேரம் நிற்கும், என் காப்பு எண்ணை, அதாவது என்னை அடிக்க எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்ணை, 12இலிருந்து 15 ஆக்கும். அடி விழும் கணத்தில் எழுப்பும் கேடயம் இன்னும் 5 கூட்டும். மூன்றாவது, குறி தவறாத மந்திர அம்பு. நாலாவது நித்திரை.

நித்திரையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 2024இல் வந்த திருத்திய விதிகளில் அது வேறு விதமாகிவிட்டது, எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அதே குகை, அதே கொப்ளின்கள், இம்முறை நாலு. மகள் எட்டு முகப் பகடை ஐந்தை என் கையில் தந்தாள். கூட்டினேன், 23. அவ்வளவு உயிர்ப்புள்ளியைத் தூங்க வைக்கலாம். ஒரு கொப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7. மூவேழு இருபத்தொன்று. மூன்று கொப்ளின்கள் நின்ற இடத்தில் சரிந்து குறட்டை விட்டன. நாலாவதைத் திருடன் பார்த்துக்கொண்டான். ஒரு ஸ்லொட், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிறகு கொஞ்சம் இளைப்பாறினோம். நாளுக்கு ஒரு தரம், இளைப்பாறிய பின் முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு ஸ்லொட் திரும்பக் கிடைக்கும். அதைக் கொப்பியில் குறித்தேன்.

இரண்டாம் நிலையில் எட்டு மந்திரப் பள்ளிகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். மொனிட்டர் அழிவு மந்திரங்களின் பள்ளியை எடுக்கச் சொன்னான். அதுவும் குறைந்ததல்ல, தன் ஆட்களைத் தவிர்த்து நெருப்பை வீசலாம். நான் குறி சொல்லும் பள்ளியை எடுத்தேன். நீண்ட ஓய்வு முடிந்ததும் இருபது முகப் பகடையை இரண்டு தரம் உருட்டி எழுதி வைக்க வேண்டும். அன்று முழுவதும், என் கண்முன் யார் பகடை போடப்போனாலும், போடுமுன் நான் மறித்து என் எண்ணை வைக்கலாம். நல்ல எண் நம் ஆளுக்கு, கெட்ட எண் எதிரிக்கு. கெட்ட எண்ணும் பயன்படும் ஒரே இடம் அது.

போன மாதம் விழுந்தவை 4, 17. கொப்பியின் மூலையில் எழுதிச் சுற்றிக் கோடு போட்டேன். பாலத்தடியில் ஓகர் என்ற அரக்க உருவம் ஒன்று மறித்தது. வாள்வீரன் முன்னால் நின்றான். இரண்டு அடி வாங்கி அவனுக்கு உயிர்ப்புள்ளி 3தான் மிச்சம். ஓகரின் தடி பட்டால் ஆகக் குறைந்தது 6 போகும். என் ஸ்லொட்டுகள் முடிந்திருந்தன. மகள் பகடையைக் கையில் எடுத்தாள்.

“பொறு பிள்ளை” என்றேன். “4.”

நாலோடு ஓகரின் கூட்டல் 6, மொத்தம் 10. வாள்வீரனின் காப்பு எண் 16. தடி பாலத்துக் கல்லில் இடித்தது என்றாள் மகள். கொப்பியில் 4ஐ வெட்டினேன்.

பக்கத்துக் கட்டில்காரன் எட்டி என் கொப்பியைத் தூக்கி, மேசை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“இன்னும் என்ன கிடக்கு?”

“17 இருக்கு.”

“சரி. அதை இப்ப எடாதை” என்று சொல்லிவிட்டுத் தன் பகடையை எடுத்தான்.