கருப்பிக்கும் பாலுவுக்கும் ஏழு இரவு

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. செப்டம்பர் 4, அம்பாசமுத்திரம். பந்தக்கால் நடுவதிலிருந்து மறுவீடு வரைக்கும் இருந்தாக வேண்டும் என்று பெரியம்மா போனிலேயே உத்தரவு போட்டாச்சு. கணக்குப் பார்த்தால் ஏழு இரவு. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் சோபாவுக்கு அடியில் பார்த்தோம். கருப்பியின் வால் மட்டும் வெளியே தெரிந்தது.

கருப்பிக்குப் பத்து வயது ஆகப்போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் ஒரு மாடிப்படியில் ஒண்டிக்கொண்டிருந்த நாய்க்குட்டி. இரண்டு வருஷமாக வலிப்பு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஃபீனோபார்பிடோன் மாத்திரை, காலை 7, இரவு 7. அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும் என்று டாக்டர் முதல் நாளே பயமுறுத்தி வைத்திருக்கிறார். பாலு இரண்டரை வயது லாப்ரடார். அவனுக்கு ஒரு வியாதியும் கிடையாது, செருப்புகளுக்குத்தான் ஆபத்து.

கூட்டிக்கொண்டே போகலாமா என்றும் யோசித்தோம். ரயிலில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபே முழுசாகக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வேனில் இருக்கிற கூண்டுப் பெட்டி. அதில் கருப்பியை அடைத்துவிட்டு நான் பெர்த்தில் தூங்குவதா? காரில் போனால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். விக்கிரவாண்டி தாண்டி நடுரோட்டில் வலிப்பு வந்தால் எங்கே ஓடுவது?

ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. "நாய்க்கு ஒரு பிடி சோறு வச்சிருங்க ஆச்சி" என்று அப்பா எதிர்வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். நாயும் ஆச்சி வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்ளும். இங்கே மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி. எதிர் பிளாட்காரர் பெயரே கூரியர் பெட்டியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் நாய் ஹாஸ்டல். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். போட்டோவில் புல்வெளி, நீச்சல் தொட்டி எல்லாம் இருந்தன. நேரில் போனால் தகர ஷீட்டுக்குக் கீழே இரண்டு வரிசைக் கூண்டு. புல்வெளி இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அதில் துணி காயப்போட்டிருந்தார்கள்.

மதியம் இரண்டு மணி. ஃபினாயில் நெடி கண்ணைக் கரித்தது. ஓரக் கூண்டில் ஒரு பக் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. சப்பை மூக்கு நாய்களுக்கு வெக்கை ஆகவே ஆகாது. அதைத் தகரத்துக்குக் கீழே வைத்தால் எப்படி? எண்ணிப் பார்த்தேன், 22 நாய். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பையன், அவனும் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தான்.

"தடுப்பூசிப் புத்தகம் கொண்டுவரணுமா?" என்று கேட்டேன்.

"இருந்தா வாட்ஸ்அப்ல போட்டுவிடுங்க மேடம்."

அங்கேயே முடிந்தது எனக்கு. என் நாயின் புத்தகத்தைக் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாயின் புத்தகத்தையும் கேட்டிருக்க மாட்டார். இருந்தாலும் இன்னொன்று கேட்டு வைத்தேன். "ராத்திரி இங்க யார் இருப்பாங்க?"

"கேமரா இருக்கு மேடம்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது இடம், கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகிற வழியில் உள்ளே தள்ளி. நாளைக்கு 800 ரூபாய், நேற்றைய இடத்தைவிட 200 கூடுதல். கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே புத்தகம் கேட்டார்கள். ரேபிஸ், டிஸ்டெம்பர்-பார்வோ ஊசி, லெப்டோ, கென்னல் காஃப் (நாய்க்கு நாய் தொற்றுகிற இருமல்) நான்கும் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். உண்ணி மாத்திரை கொடுத்த தேதியும் வேண்டுமாம். கூண்டு கிடையாது, தனித்தனி அறை. ஒரு நாய் இன்னொன்றை முறைத்துக்கொண்டே இருக்க முடியாதபடி நடுவில் சுவர். தரையில் படுக்க விடாமல் கயிற்றுக் கட்டில் மாதிரி ஒன்று. உரிமையாளர் குடும்பத்தோடு மாடியில் குடியிருக்கிறார். ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

கருப்பியின் வலிப்பைச் சொன்னதும் அவர் கையில் இருந்த பேனாவை மூடிவிட்டார்.

"அவளை எடுத்துக்க மாட்டேன்மா. இங்க ராத்திரி ஒரு நாய் குரைச்சா பன்னெண்டும் குரைக்கும். பதட்டம், தூக்கம் கெடறது ரெண்டும் அவளுக்கு ஆகாது. பையனை மட்டும் விடுங்க."

வருகிற காசை வேண்டாம் என்று சொன்னவரை நம்பலாம் போலத் தோன்றியது. காரில் ஏறியதும் என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டரிடம் போய்வந்தோம். லெப்டோ ஊசி இரண்டு பேருக்குமே தேதி தாண்டியிருந்தது. என் தப்புதான். அடுத்து மழைக்காலம், எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரில்தான் அது பரவும். பாலுவுக்குக் கென்னல் காஃப் மருந்து மூக்கில் விடுகிற சொட்டு. விட்ட வேகத்தில் ஒரு தும்மல் போட்டான், பாதி டாக்டர் கண்ணாடியில். துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது கொசுவலை மாதிரிம்மா. கடிக்கவே கடிக்காதுன்னு இல்ல. கடிச்சா கம்மியா கடிக்கும்." சொட்டு வேலை செய்யச் சில நாளாவது ஆகுமாம், ஹாஸ்டலில் விடுகிற அன்று காலையில் போட்டு பிரயோஜனம் இல்லை.

கருப்பிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அவ இடத்துல அவளை விட்டுட்டு, ஆளை அங்க வரவைங்க."

ஆகஸ்ட் 16, சனி

டாக்டரிடம் வருகிற இன்னொருவர் மூலம் கிடைத்த பெண். பகலில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, கூடவே பெட் சிட்டர், அதாவது நம் வீட்டுக்கே வந்து நாயைப் பார்த்துக்கொள்கிறவள். காலையும் மாலையும் வந்து போனால் தடவைக்கு 400. ராத்திரியும் தங்கினால் நாளைக்கு 1,200, இரண்டு நாய் என்றால் 1,500. கருப்பிக்கு வந்துபோகிற ஏற்பாடு சரிப்படாது. இரண்டு வலிப்பில் ஒன்று ராத்திரியில்தான் வருகிறது.

வந்தவள் நாயைக் கொஞ்சவில்லை. அதை நான் கவனித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள், கருப்பியைப் பார்க்கக்கூட இல்லை. என்னோடு பேசிக்கொண்டே கையை மட்டும் தரையில் வைத்திருந்தாள். பாலு நேரே அவள் மடியில் ஏறினான், அவனை விடுங்கள். கருப்பி பத்து நிமிஷம் கழித்து சோபாவுக்கு அடியிலிருந்து வந்து முதலில் அவள் பையை மோந்தது, அப்புறம் முழங்கையை.

"வலிப்பு வந்தா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"வாயில கை வைக்க மாட்டேன் அக்கா. மணி பார்ப்பேன். பக்கத்துல இருக்கற நாற்காலியெல்லாம் தள்ளிட்டு லைட்டை அணைச்சிடுவேன். அஞ்சு நிமிஷம் தாண்டினா கிளம்பிடுவேன். ராத்திரி எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, அதை நீங்க இப்பவே சொல்லணும்."

நான் கேட்க வேண்டியதைவிட அவள் கேட்டது அதிகம். இன்வெர்ட்டர் எங்கே, லிஃப்ட் நின்றால் கருப்பி மூன்று மாடி இறங்குமா, நீங்கள் போன் எடுக்காவிட்டால் சிகிச்சைக்கு யார் சரி சொல்வது. கடைசிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கொஞ்சம் பணமும் முன்னாலேயே கட்டிவிடச் சொன்னாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராத்திரி சண்டை. சாவியைப் பற்றி. "முன்னப்பின்ன தெரியாத பொண்ணு கையில வீட்டுச் சாவியைக் கொடுப்பியா?" என்கிறார். கீழ் வீட்டு மாமியும் அதே ராகம். ஒரு வாரமாக நாய்க்கு எது நல்லது என்று பேசிக்கொண்டிருந்ததாக நான் நினைத்திருந்தேன். அவர் பீரோவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். சரி, நகையை லாக்கரில் வைத்தாயிற்று. ஆதார் நகல் வாங்கியாயிற்று. அதை அவள் முகம் சுளிக்காமல் கொடுத்ததும், கேட்ட எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

பாலுவுக்கு நேற்று ஒரு இரவு ஹாஸ்டல் ஒத்திகை. இன்று கூட்டி வந்தோம். குரைத்துக் குரைத்துத் தொண்டை கம்மியிருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தான், ஃபேனுக்கு அடியில் விழுந்தான், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. வருத்தமா களைப்பா என்று தெரிய அவன் வாலைப் பார்த்தால் போதும். தூக்கத்திலும் ஆடியது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை வேலையை முடித்துவிட்டு நாங்கள் பெரம்பூரில் நாத்தனார் வீட்டில் தங்கினோம். ஒத்திகையாக அந்தப் பெண் இரண்டு நாயோடும் இங்கே. தெருமுனைப் பிள்ளையாருக்கு மேளம், ராத்திரி வெடி. மேளம் தொடங்கினதும் பாத்ரூம் பக்கத்து இடைவழியில் பாயைப் போட்டு இரண்டையும் கூட உட்கார வைத்துக்கொண்டாளாம். மாத்திரை 7 மணி 4 நிமிஷத்துக்கு இட்லியில் வைத்துக் கொடுத்த வீடியோ வந்தது. எல்லாம் சுபம்.

ஆக, முடிவு: பாலு ஹாஸ்டலுக்கு, கருப்பி வீட்டில். பாலு கயிற்றை இழுக்கிற இழுப்புக்கு அந்தப் பெண் தாங்க மாட்டாள், கருப்பிக்கும் முழு கவனிப்பு கிடைக்கும். செலவு நாளைக்கு 500 கூடத்தான். ஆனால் எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று ஒரு திருப்தி.

செப்டம்பர் 1, திங்கள்

பாலுவைக் காலையில் விட்டாயிற்று. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருப்பிக்கு மாத்திரை 20, ஏழு நாளைக்குத் தேவைக்கு மேலேயே. வேகவைத்த கோழி டப்பா டப்பாவாக ஃப்ரீசரில். என் பழைய நைட்டி ஒன்று அவள் படுக்கையில். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்.

செப்டம்பர் 3, புதன்

நேற்றிலிருந்து கருப்பி சாப்பிடவில்லை. கோழியை மோந்துவிட்டுப் போய்விடுகிறதாம். முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். இன்று இட்லியையும் தொடவில்லை, அதனால் மாத்திரைக்கும் வழியில்லை. கடைசியில் அந்தப் பெண் வாயைத் திறந்து நாக்குக்குப் பின்னால் வைத்து, தொண்டையைத் தடவி விழுங்க வைத்திருக்கிறாள். 7 மணி 40.

இங்கே வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் புழக்கடையில் நின்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, நாய்க்கு ஆயா வச்சிருக்கியாமே?"

வீடியோவில் கருப்பி வாசல் கதவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. முதலில் எங்களுக்காகத்தான் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் தெரிந்தது, தலையைப் பாலுவின் காலித் தட்டில் வைத்திருந்தது.

ஒத்திகை பார்த்தோமே, நாங்களும் இல்லாமல் பாலுவும் இல்லாமல் கருப்பி ஒரு ராத்திரி இருக்குமா என்று பார்க்கவே இல்லை. அன்றைக்கு இட்லி சாப்பிட்டது அவனுக்குப் போட்டியாக.

ராத்திரி பத்து மணிக்கு அவளையும் ஹாஸ்டல்காரரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். "இழுத்தா என்ன அக்கா, ரெண்டு வேளை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போறேன். தெருவுல வேண்டாம். அவனை வரவைங்க."

செப்டம்பர் 4, வியாழன்

முகூர்த்தம் முடிந்து பந்திக்கு உட்காரும்போது மெசேஜ். கால் டாக்சியில் இவ்வளவு பெரிய நாயை ஏற்ற மாட்டார்கள் என்று ஹாஸ்டல்காரர் தன் வேனிலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறார், 600 ரூபாய். வீடியோவில் பாலு நுழைகிறான், கருப்பி எழுந்து அவன் காதை ஒரு தடவை நக்குகிறது, அவ்வளவுதான். பெரிய கட்டிப்பிடி வைத்தியமெல்லாம் இல்லை. அவனுக்கு வைத்த தயிர்சாதத்தில் பாதியை இது தின்றது. எனக்குப் பரிமாறின சொதி ஆறிப்போயிருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வீடு. இரண்டும் குதித்ததில் அவர் பனியன் கிழிந்தது. மேஜை மேல் அந்தப் பெண் ஒரு நோட்டு விட்டுப் போயிருக்கிறாள்: மாத்திரை நேரம், சாப்பாடு, மலம் எப்படி இருந்தது வரைக்கும். வலிப்பு ஒரு தடவைகூட இல்லை. செப்டம்பர் 3-ஆம் தேதிக்குக் கீழே, "இரவு 2.10, தூங்கவில்லை, கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்."

செப்டம்பர் 10, புதன்

பாலு நேற்றிலிருந்து தொண்டையில் முள் சிக்கின மாதிரி கக்கிக் கக்கி இருமுகிறான். கென்னல் காஃப்தான், லேசானது என்கிறார் டாக்டர். கொசுவலைக்குள்ளும் ஒன்று புகுந்துவிட்டது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடச் சொன்னார். கருப்பிக்கும் வரலாம், பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாஸ்டலுக்குச் சொன்னேன். மறைக்காமல், இன்னும் இரண்டு நாய்க்கு இருமல் இருக்கிறது, எல்லாருக்கும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் மீதிப் பணம் வாங்க வந்தாள். சாவியை மேஜையில் வைத்தாள். அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு அவள் பக்கமே தள்ளினார்.

"வச்சுக்கம்மா. அக்டோபர் 20 தீபாவளி. ரெண்டு நாள் வெடிச் சத்தம் இல்லாத ஊருக்கு இவங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது. நீ வர முடியுமான்னு பாரு."